ஆறுச்சாமி கம்பெனியின் தேயாத தோட்டா

டிங்.

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி, டிங். பிறகு எதுவோ உருண்டு போய்ச் சுவரில் முட்டுகிற சத்தம். அதற்கும் பிறகு மூன்று பேர் ஒரே சமயத்தில் விடுகிற பெருமூச்சு.

மாடிப்படியில் பாதி ஏறியிருந்த சரசாள், துடைப்பத்தோடு அப்படியே நின்றாள். ஓடக்கல்மேட்டில் கொப்பரை மண்டிக்கு மேலே இருக்கிற அந்த அறையைக் கூட்டிப் பெருக்குவது அவள் வேலை. கதவு சாத்தியிருந்தது.

"ஏங் கண்ணு, உள்ளே என்ன உடையுது?"

"ஒண்ணும் உடைய மாட்டேங்குதுங்கக்கா. அதுதான் கவலை," என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

அந்த அறையில் மூன்று பேர் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிறார்கள். யோசிக்கிற பொறுப்பு ஆறுச்சாமிக்கு. வயதிலும் மூத்தவர், கம்பெனியும் அவர் பெயரில்தான். படம் வரைவது நாச்சிமுத்து. வரைந்த படத்தை ஆட வைக்கிற புரோகிராமை எழுதுவது தம்புராசு. மூன்று பேருக்கும் மூளை உண்டு. மூன்றும் ஒரே நாளில் வேலைக்கு வந்ததாகத்தான் யாரும் பார்த்ததில்லை.

இதற்கு முன்னால் அவர்கள் ஆடு மேய்க்கிற விளையாட்டு ஒன்று செய்திருந்தார்கள். நிஜம் மாதிரியே இருக்கவேண்டும் என்று யாரோ சொன்னதால், ஆடுகிறவர் காலை ஒன்பது மணிக்குத் திரை முன்னால் உட்காரவேண்டும். ஆடுகள் மேயும். சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போகும். அவ்வளவுதான். அதை உலகத்தில் ஒரே ஒருவர் கடைசிவரை ஆடினார். பெங்களூரில் பெரிய விளையாட்டுக் கம்பெனி வைத்திருக்கும் காதம்பரி மேடம். "இவ்வளவு பொறுமையான ஆட்களை நான் பார்த்ததே இல்லை" என்று சொல்லி, தன்னுடைய புது விளையாட்டில் ஒரு சின்ன வேலையை இவர்களிடம் கொடுத்தார்.

விளையாட்டு இதுதான். மலைமேல் ஒரு வனக்காவலர் தனியாகக் குடிசையில் இருக்கிறார். யானை வந்தால் வானத்தைப் பார்த்துச் சுட்டு விரட்டவேண்டும். புதுத் தோட்டா கிடைக்காது. சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி, மருந்து நிரப்பி, மறுபடி அதையேதான் சுடவேண்டும். கூடு எத்தனை நாள் தாங்கும், எப்படித் தேயும், எப்போது கீறும்? அந்தத் தேய்மானத்தைச் செய்து தருவதுதான் ஆறுச்சாமி கம்பெனியின் வேலை. சனிக்கிழமை மேடம் நேரில் வந்து ஆடிப் பார்ப்பார்.

பிடித்திருந்தால் மேலும் வேலை உண்டு. பிடிக்காவிட்டால் அறை போய்விடும். கட்டிடம் ஆறுச்சாமியின் மச்சான் சென்னியப்பனுடையது. "சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பாப்பேன். அப்புறம் இதுல கொப்பரை மூட்டை அடுக்கிருவேன். கொப்பரையாச்சும் சொன்ன எடத்துல சும்மா இருக்கும்" என்று அவர் சொல்லிவிட்டார். ஊரில் இவர்களை யாரும் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடுவதில்லை. 'அந்த மூணு பேரு' என்பார்கள். கூரியர்காரர் மட்டும்தான் அந்த அறையின் வாசலில் நின்று "சார்" என்று கூப்பிடுவார். அதைக் கேட்பதற்காகவே நாச்சிமுத்து தனக்குத்தானே இரண்டு தடவை பார்சல் அனுப்பியிருக்கிறார்.

மேடம் அனுப்பிய கடிதத்தில் ஐந்து வரிகள் இருந்தன. குழப்பம் வரக்கூடாது என்பதால் நாளைக்கு ஒரு வரி மட்டும் படிப்பது என்று ஆறுச்சாமி முடிவு செய்தார்.

திங்கட்கிழமை வரி இப்படி இருந்தது: 'உண்மையான கூட்டைப் பார்த்துச் செய்யுங்கள். பலமுறை சுட்ட கூடு தரையில் விழும் சத்தம், புதுக் கூட்டின் சத்தம் போல இருக்கக்கூடாது.'

உண்மையான கூடு ஊரில் ஒரே ஆளிடம்தான் இருந்தது. பட்டாளத்தில் துப்பாக்கி பழுது பார்க்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்று, இப்போது முருங்கைத் தோட்டம் வைத்திருக்கிற சுபேதார் மாரப்பன். ஞாபகத்துக்கு வைத்திருந்த காலிக் கூடு ஒன்றைக் கொடுத்து, அதன் வாழ்க்கை வரலாற்றையும் சொன்னார்.

"சுட்ட ஒடனே கூடு உப்பும். அதை அச்சுல குடுத்து அமுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டாரணும். மறுபடி சுட்டா மறுபடி உப்பும், மறுபடி அமுக்கணும். உப்பி அமுங்கி, உப்பி அமுங்கி, பித்தளை வெறச்சுப் போவும். கடைசியில கழுத்துல கீறல் உடும். கழுத்தை மட்டும் பதமா அனல்ல காட்டுனா கொஞ்சம் எளகும், இன்னும் நாலு தரம் தாங்கும். ஆனா அடிப்பக்கத்துல பளபளன்னு ஒரு வளையம் தெரிஞ்சுதுன்னா, தூக்கி எறிஞ்சரோணும். அங்கேதான் ரெண்டா அந்து போவும்."

மூவரும் தலையாட்டினார்கள். அறைக்கு வந்து கூட்டைத் தரையில் போட்டார்கள். டிங் என்றது. அது புதுக் கூட்டின் சத்தம் மாதிரி இருந்தது. பழைய சத்தம் வரும்வரை போடுவது என்று உட்கார்ந்துவிட்டார்கள். சரசாள் படியில் நின்று கேட்டது அதைத்தான்.

செவ்வாய்க்கிழமை இரண்டாவது வரியைப் படித்தார்கள். 'விழுந்த கூட்டை ஆடுகிறவர்தான் பொறுக்கவேண்டும். வேறு யாரும் தொடக்கூடாது.'

கூடு அப்போது மேஜைக் காலுக்குப் பக்கத்தில் கிடந்தது.

"நம்ம மூணு பேர்ல ஆடுறவர் யாருங்ணா?" என்றார் தம்புராசு.

"நாம செய்யறவங்க. ஆடுறது மேடம்தான். சனிக்கிழமை வந்து அவங்கதான் பொறுக்கணும்," என்றார் ஆறுச்சாமி.

அந்த நேரம் பார்த்துச் சரசாள் கதவைத் திறந்தாள். மூன்று பேரும் கையை விரித்துக்கொண்டு குறுக்கே வந்து நின்றார்கள்.

"அக்கா, கூட்டக்கூடாது!"

"ஏன் சாமி, குப்பை மேல உங்களுக்கு அத்தனை பிரியமா?"

"குப்பையோட கூடும் போயிரும். மேடம் வந்து குனிஞ்சு எடுக்கற வரைக்கும் தரை இப்படியே இருக்கோணும்."

"பெங்களூர்ல இருந்து ஒரு பொம்பளை இதைப் பொறுக்கறதுக்கா வருது?" என்று கேட்டுவிட்டு, சரசாள் துடைப்பத்தைக் கதவு மூலையில் சாத்திவைத்துவிட்டுப் போய்விட்டாள்.

புதன்கிழமை வரிதான் உண்மையான தலைவலி. 'திரும்பத் திரும்பச் சுடும்போது கூடு தேய்ந்து, கடைசியில் கீறவேண்டும்.'

நாச்சிமுத்து ஒரு கூடு வரைந்தார். நல்ல கூடு, விளிம்பில் வெளிச்சம் பட்டது தெரிந்தது. தம்புராசு அதைத் துப்பாக்கியில் வைத்தார். மௌஸை அமுக்கினால் துப்பாக்கி சுடும். கூடு வெளியே விழும். மறுபடி நிரம்பும். பத்து தடவை அமுக்கினார்கள். நூறு தடவை அமுக்கினார்கள். முந்நூறு ஆயிற்று. கூடு அப்படியே மின்னிக்கொண்டிருந்தது.

"தம்பு, ஒவ்வொரு தடவையும் புதுப் படம் காட்டறியா நீ?" என்றார் ஆறுச்சாமி.

"குலசாமி மேல சத்தியமா ஒரே படம்தாங்ணா."

"அப்போ இது நாச்சிமுத்து மேல தப்பு. ரொம்பக் கெட்டியா வரைஞ்சிருக்கறான். மெலிசா வரை."

நாச்சிமுத்து மெல்லிய கோட்டில் வரைந்தார். அதுவும் தேயவில்லை. அரைத்தூக்கத்தில், கவனமில்லாமல், ஒரு ஓட்டைக் கூடு வரைந்து பார்த்தார். அந்த ஓட்டைக் கூடும் நானூறு தடவை சுட்டது. கீறவே கீறாத பித்தளையைக் கண்டுபிடித்துவிட்டோமோ என்று மூவருக்கும் பயம் வந்துவிட்டது. முருங்கைத் தோட்டத்துக்கு ஓடினார்கள்.

"ஐயா, உங்க கூடு எத்தனை தடவை தாங்குமுங்க?"

"நல்ல கூடா இருந்தா எட்டு, பத்து."

"எங்க கூடு எழுநூறு தாங்குதுங்க. அதுலயும் ஒண்ணு ஓட்டைங்க."

சுபேதார் முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டியை மரத்தில் சாய்த்துவைத்தார். இவர்கள் கம்ப்யூட்டரைப் பற்றிக் கேட்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. "அதெப்புடி? தேய்மானம்னா எங்கியாச்சும் இருந்துதான தீரோணும்? அமுக்கம் எந்த எடத்துல உழுவுதோ அந்த எடந்தான் கீறும். போயி அங்கே பாருங்க," என்றார்.

அறைக்கு வந்ததும் ஆறுச்சாமி தரையில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, கண்ணை மேஜை மட்டத்துக்கு வைத்துக்கொண்டார். "அமுக்குடா."

தம்புராசு அமுக்கினார்.

"அமுக்கம் திரையில உழுகலை," என்றார் ஆறுச்சாமி மெதுவாக. "மௌஸ்ல உழுவுது."

இரண்டு பேரும் அவரைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது. ஒருவர் அமுக்க, ஒருவர் எண்ண, ஒருவர் மௌஸுக்கு நேராக முகத்தை வைத்துப் பார்க்க, வேலை மளமளவென்று நடந்தது. காங்கேயம் சந்தையில் வாங்கிய மௌஸ் அது. பெரிய இடத்துப் பொருள் அல்ல. நாலாயிரத்து நூற்றுப் பதினேழாவது அமுக்கில் இடது பொத்தானின் ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு கீறல் விட்டது.

மூன்று பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். தம்புராசுக்கு விரல் மடங்கவில்லை. இருந்தாலும் அந்த விரலாலேயே நோட்டில் எழுதினார். எத்தனையாவது அமுக்கில் பொத்தான் வழுவழுப்பானது, எத்தனையாவதில் விறைத்தது, எத்தனையாவதில் சத்தம் மாறியது, எங்கே கீறியது எல்லாம் எழுதினார். எண்ணுகிற விஷயத்தில் மட்டும் அவர்கள் ஏமாற்ற மாட்டார்கள். எண்ணிக்கை விட்டுப்போனால் ஒன்றிலிருந்து மறுபடி தொடங்குவார்கள்.

"கீறுனா எறியக்கூடாது. கழுத்தை அனல்ல காட்டுனா இன்னும் நாலு தரம் தாங்கும்னு ஐயா சொன்னாருங்ணா," என்று நாச்சிமுத்து ஞாபகப்படுத்தினார்.

"மௌஸுக்குக் கழுத்து எது?"

இதில் கருத்து வேறுபாடு வந்தது. விரல் வைக்கிற பக்கம் தலை என்பதால், அதற்குக் கொஞ்சம் பின்னால் கழுத்து என்றார் தம்புராசு. "தலைக்கும் உடம்புக்கும் நடுவுல இருக்கறதுதான் கழுத்து. மௌஸோட உடம்பு கம்ப்யூட்டர். அப்போ நடுவுல இருக்கற ஒயருதான் கழுத்து," என்றார் ஆறுச்சாமி. இவ்வளவு நீளமான கழுத்தை எந்த இடத்தில் காட்டுவது என்று நாச்சிமுத்து கேட்டார். முழுசும் காட்டுவது நல்லது என்று முடிவானது. டீ போடுகிற அடுப்பில் காட்டினார்கள். இளகும் என்று சுபேதார் சொன்னது பொய்யில்லை. நன்றாகவே இளகியது. பிறகு சொட்டியது.

அந்த மௌஸ் அதற்கு அப்புறம் ஒரு தரம்கூடத் தாங்கவில்லை. அதையும் நோட்டில் எழுதினார்கள்.

வியாழக்கிழமை வரி: 'எந்தத் தடவையில் கீறும் என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியக்கூடாது.'

"யாருக்கும்னா நமக்குமா?"

"யாருக்கும்னு எழுதியிருக்குது. நாம யாரு இல்லையா?"

தம்புராசு கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு ஒரு எண்ணை அடித்தார். அது எண்ணா எழுத்தா என்று பார்க்கவும் அவருக்கு அனுமதி இல்லை. கம்ப்யூட்டர் நின்றுபோயிற்று. எனவே அந்த வழியைக் கைவிட்டு, இரண்டாவது மௌஸை எடுத்து அமுக்க ஆரம்பித்தார்கள். அது இரண்டாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறிலேயே போய்விட்டது. முதலாவது நாலாயிரம் தாங்கியது, இது மூவாயிரம்கூடத் தாங்கவில்லை. ஒரே சந்தை, ஒரே கடை, ஒரே நாள் வாங்கியது.

"இது இப்படிப் போகும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று ஆறுச்சாமி கேட்டார்.

"தெரியாதுங்ணா."

"உனக்கு?"

"எனக்கும் தெரியாதுங்ணா."

"எனக்கும் தெரியலை," என்றார் ஆறுச்சாமி பூரிப்போடு. "மேடம் கேட்டது அப்படியே வந்திருச்சு."

வெள்ளிக்கிழமை, கடைசி வரி: 'ஆடுகிறவர் தேய்மானத்தை விரலில் உணரவேண்டும்.' இதற்கு அவர்கள் ஒன்றும் செய்யவேண்டியிருக்கவில்லை. தம்புராசின் விரல் முருங்கைக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. மூன்றாவது மௌஸை, அதுதான் அறையிலேயே கடைசி, நாச்சிமுத்தும் ஆறுச்சாமியும் மாற்றி மாற்றி அமுக்கினார்கள். மூவாயிரத்து அறுநூற்று இரண்டில் கரண்ட் போயிற்று. கரண்ட் இல்லாமல் அமுக்கினால் கணக்கில் சேருமா சேராதா என்று விவாதித்துக்கொண்டிருக்கும்போதே பொழுது சாய்ந்துவிட்டது.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் காதம்பரி மேடம் வந்தார். பின்னாலேயே சென்னியப்பன் வந்தார். அவருடைய ஆட்கள் காலிச் சாக்குகளைப் படியில் கொண்டுவந்து வைத்தார்கள். சரசாள், வேடிக்கை பார்ப்பதற்காக, கதவோரமாக நின்றாள்.

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஐந்து நாள் குப்பை காலடியில் நெறுநெறுத்தது. மௌஸைப் பிடித்தார்.

திரையில் மலை. குடிசை. தூரத்தில் யானை. மேடம் சுட்டார். யானை ஒதுங்கியது. கூடு விழுந்தது, நிரம்பியது. மறுபடி யானை. மறுபடி சுட்டார். மூன்று, நான்கு, ஐந்து. கூடு திரையில் புத்தம்புதுசாக மின்னிக்கொண்டிருந்தது. மேடத்தின் முகம் சுருங்க ஆரம்பித்தது. சென்னியப்பன் திரும்பி, ஒரு சாக்கை உதறினார்.

"தேயற மாதிரியே தெரியலையே ஆறுச்சாமி?"

"தேயுதுங்க மேடம். நல்லாத் தேயுதுங்க. அமுக்குங்க."

ஆறு. ஏழு. யானை இந்தத் தடவை ஒதுங்கவில்லை. குடிசையைப் பார்த்து நேராக வந்தது. மேடம் எட்டாவது தடவை அமுக்கினார். விரலுக்கடியில் எதுவோ விறைத்தது. லேசாக ஒரு நெரிசல். பிறகு, படக். துப்பாக்கி சுடவில்லை. மேடம் மறுபடி அமுக்கினார். படக்கும் இல்லை. யானை வேலியைத் தாண்டியது. மேடம் இரண்டு கையாலும் அமுக்கினார். யானை குடிசைமேல் நடந்து, அந்தப் பக்கமாக இறங்கிப் போயிற்று.

மேடம் மௌஸிலிருந்து கையை எடுத்தார்.

"எனக்கு வேர்த்துப் போச்சு," என்றார் மேடம். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "விரல்லயே தெரிஞ்சுது ஆறுச்சாமி. சுடாதுன்னு விரலுக்குத் தெரிஞ்சுது, எனக்குத் தெரியறதுக்கு முன்னாடியே! இதை எதுல எழுதினீங்க?"

"நோட்டுலங்க மேடம்," என்று தம்புராசு வீங்கிய விரலால் நோட்டை நீட்டினார்.

மேடம் முதல் பக்கத்தைப் படித்தார். உட்கார்ந்தபடியே எல்லாப் பக்கங்களையும் படித்தார். எங்கே வழுவழுத்தது, எங்கே விறைத்தது, ஒரே மாதிரி இரண்டு ஏன் ஒரே மாதிரி சாகவில்லை. "எங்க ஆட்கள் பத்துப் பேரு மூணு மாசமா இதுக்குத்தான் மண்டையை ஒடைக்கறாங்க. ஒழுங்கில்லாம எப்படித் தேயறதுன்னு ஒருத்தனுக்கும் வரலை. எல்லாக் கூடும் எட்டாவதுல மணி அடிச்ச மாதிரி உடையுது," என்று சொல்லிக்கொண்டே, ஒவ்வொரு பக்கமாக போனில் படம் எடுத்தார். கடைசிப் பக்கத்தில் 'அடுப்பில் காட்டியது, சொட்டியது' என்று இருந்ததை இரண்டு தடவை படித்தார். பெரிய மனிதர், அதற்கு அர்த்தம் கேட்கவில்லை.

"ரூமைக் காலி பண்ணாதீங்க. இன்னும் ஆறு மாசத்துக்கு வேலை இருக்கு," என்று எழுந்தார். எழும்போது செருப்பில் எதுவோ இடறியது. குனிந்து எடுத்தார். பித்தளைக் கூடு. "இது யாரோடது? தரையில கிடக்குது," என்று மேஜைமேல் வைத்தார்.

மூன்று பேரும் கையைத் தட்டினார்கள். எதற்குத் தட்டுகிறார்கள் என்று மேடத்துக்குப் புரியவில்லை. வாசலில் நின்று கடைசியாக ஒன்று சொன்னார்: "முதல் நாளே பத்தாயிரம் பேர் வாங்குவாங்க. இப்போ எனக்குக் கிடைச்ச இதே அனுபவம் அந்தப் பத்தாயிரம் பேருக்கும் கிடைக்கணும். அது உங்க பொறுப்பு."

கார் போயிற்று.

"பத்தாயிரமா?" என்றார் நாச்சிமுத்து.

"பத்தாயிரம்தான். அதுலயும் ஒவ்வொண்ணும், அவங்க கைக்குப் போயி எட்டாவதுல கீறோணும். மச்சான், கீழே எடை மேடைக் கம்ப்யூட்டர்ல ஒரு மௌஸ் இருக்குதல்லங்க?"

சென்னியப்பனுக்கு அப்போது என்ன ஆயிற்றோ தெரியவில்லை. பெங்களூர்க்காரர் வாயால் பாராட்டுக் கேட்ட அறையில் நின்றதாலோ என்னவோ, கையிலிருந்த சாக்கைக் கீழே வைத்துவிட்டு, தானே இறங்கிப் போய் அந்த மௌஸைக் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். "சாக்கு வேணும்னா வெச்சுக்க மாப்பிள்ளை. பத்தாயிரம் சேந்தா எங்கே போடுவே?"

ஆறுச்சாமி மௌஸை மேஜைமேல் வைத்தார். தம்புராசு வீங்கிய விரலை மடக்கிவிட்டு அடுத்த விரலை நீட்டினார்.

"ஒரு சந்தேகமுங்ணா. கீறறதுக்கு எட்டு அமுக்கு முன்னாடி நிறுத்திரோணும். ஆனா எப்போ கீறும்னுதான் யாருக்கும் தெரியக்கூடாதே?"

ஆறுச்சாமி கண்ணை மூடினார். சென்னியப்பனும் சேர்ந்து யோசித்தார்.

"கீறற வரைக்கும் அமுக்கு," என்றார் ஆறுச்சாமி கடைசியில். "கீறுன ஒடனே, திருப்பிப் போட்டு, அடியில இருந்து மேலே பாத்து எட்டு அமுக்கு அமுக்கிக் கழிச்சுரு."

"அதுவுஞ் சரிதான்," என்றார் சென்னியப்பன்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண ஆரம்பித்தார்கள். கதவு மூலையில் நான்கு நாளாகச் சாய்ந்திருந்த துடைப்பத்தைச் சரசாள் எடுத்தாள்.

"காலைத் தூக்குங்க கண்ணு," என்றாள்.

நான்கு பேரும் எண்ணிக்கை விடாமல் காலைத் தூக்கிக்கொண்டார்கள்.